பதினெட்டுப் பேர் குறைந்தது யாருக்கு?

தரம் ஒன்றில் எங்களிடம் ஒரு பையன் படிக்கிறான். பாடசாலை மணி அடித்தால் துள்ளி எழுந்து மேசைக்குக் கீழே போய்விடுவான். பக்கத்தில் இருப்பவன் பென்சிலைத் தொட்டால் அடி விழும். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் இருக்க மாட்டான். ஆசிரியர் அறையில் அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம்.

அவனுடைய தாயை வரச் சொன்னோம். பகல் கொழுந்து நிறுத்துவிட்டு, படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்து வகுப்பு வாசலில் நின்றார். "அடிச்சும் பாத்தாச்சு, நேந்து கயிறு கட்டியும் பாத்தாச்சு டீச்சர்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வயித்துல இருந்தப்பவே இவன் இப்படித்தான். எனக்குப் படபடன்னு வந்தா உள்ளுக்குள்ள இவனும் உதைப்பான்" என்றார்.

அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. லயத்துக்குப் போய் ஆறுதலாக உட்கார்ந்து கேட்டோம். 2020 மார்ச் மாதம் நாடு முடக்கப்பட்டபோது இவன் வயிற்றில் ஐந்தாம் மாதம். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவரால் வர முடியவில்லை, காசு அனுப்பவும் முடியவில்லை. நாடு முழுக்க ஊரடங்கு, தோட்டத்தில் மட்டும் வழக்கம்போலப் பெரட்டு. பஸ் ஓடாததால் கிளினிக் இரண்டு தடவை தவறிவிட்டது. கடைக்காரர் கொப்பியை மூடி வைத்துவிட்டார். முதல் மூன்று மாதம் வாந்தியில் படுத்துக் கிடந்ததில் பேர் குறைந்துபோயிருந்தது. பிரசவக் காசு கிடைக்க ஓராண்டில் 150 பேர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிடிப்பதற்காக எட்டாம் மாதம் வரை மலை ஏறினார். ஒவ்வொரு நாளும் மடுவத்தில் தராசைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம், இன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா என்று. கடைசியில் எண்ணிப் பார்த்தால் பதினெட்டுப் பேர் குறைவு. காசு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போது அவர் நம் சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர். யாரிடமும் போய்ச் சொல்லவில்லையா என்று கேட்டோம். "யாரும் கேக்கல" என்றார்.

இந்தப் பையனின் குணத்துக்கு அந்த மாதங்கள்தான் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளையைக் காட்டி அப்படிச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான தாய்மாரையும் பிள்ளைகளையும் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தவர்கள் சில விஷயங்களைக் கண்டிருக்கிறார்கள். அவை வைத்தியப் புத்தகத்தில் மட்டும் இருக்க வேண்டியவை அல்ல. சம்பளத்தைப் போல, வீட்டைப் போல, நம் கோரிக்கைப் பட்டியலுக்குள் வர வேண்டியவை.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தைச் சுற்றி 1991, 1992ஆம் ஆண்டுகளில் கர்ப்பமாக இருந்த ஏறக்குறைய 14,000 பெண்களைப் பதிவு செய்து, அவர்களுடைய பிள்ளைகளை இன்றுவரை கவனித்து வருகிறார்கள். கர்ப்ப காலத்தில் மிகக் கூடுதலான பதற்றத்தோடு இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், பயம், கோபம், அடம், ஓரிடத்தில் தரிக்காமை போன்ற சிக்கல்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தன. நான்கு வயதிலும் தெரிந்தது, பதின்மூன்று வயதிலும் தெரிந்தது. இரண்டு மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். பதின்மூன்று வயதில் நூற்றுக்கு ஏழு பிள்ளைகள் அளவில் இருந்தது, பன்னிரண்டு பிள்ளைகள் ஆனது. அப்படியென்றால் அவ்வளவு பதற்றப்பட்ட தாய்மாருக்குப் பிறந்தவர்களிலும் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் நன்றாகவே இருந்தார்கள். இதை வாசிக்கும் கர்ப்பிணித் தங்கைகள் இந்த எண்ணை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இன்னோர் ஆய்வு. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நாட்கணக்காகப் பனிமழை பெய்தது. மின்கம்பிகளில் பனி உறைந்து, கம்பங்களும் கோபுரங்களும் முறிந்து விழுந்தன. சுமார் 30 இலட்சம் பேருக்கு மின்சாரம் இல்லை. அந்தக் குளிரில் சிலர் நாற்பது நாளுக்கு மேல் அப்படி இருந்தார்கள். அந்த நேரம் கர்ப்பமாக இருந்த பெண்களைத் தேடிப் பிடித்து சுசான் கிங் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இரண்டு விதமான கேள்விகளைக் கேட்டார்கள். ஒன்று, எத்தனை நாள் இருட்டில் இருந்தீர்கள், எத்தனை தடவை இடம் மாறினீர்கள், எவ்வளவு நட்டம் என்ற கேள்விகள். மற்றது, மனம் எவ்வளவு கலங்கியது என்பது. பிறகு பிள்ளைகளை இரண்டு வயதிலும் ஐந்தரை வயதிலும் சோதித்துப் பார்த்தார்கள். பேச்சு வளர்ச்சியிலும் அறிவுத்திறனிலும் தெரிந்த வித்தியாசம், தாயின் கலக்கத்தைவிட அவள் பட்ட கஷ்டத்தின் அளவோடுதான் கூடுதலாகப் பொருந்தியது. கூட நாள் கஷ்டப்பட்டவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் வசதியான குடும்பத்துப் பெண்கள். வீடு இருந்தது, வைத்தியசாலை பக்கத்தில் இருந்தது, மின்சாரம் திரும்பி வந்தது.

இதைத்தான் நம்மவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். மாசமாக இருக்கும் பெண்ணைப் பார்த்து, "எதையும் யோசிக்காத, சந்தோசமா இரு" என்று சொல்வது நம் எல்லோருக்கும் வழக்கம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அவள் முதுகில் இருக்கும் சாக்கு அப்படியே இருக்கும்போது, அந்தப் பேச்சு அவளுக்கு இன்னொரு வேலையைத்தான் கொடுக்கிறது: மலையும் ஏற வேண்டும், முகத்தையும் சிரித்தாற்போல் வைத்துக்கொள்ள வேண்டும். மனதைத் திடப்படுத்து என்பதற்கு முன்னால் சாக்கை இறக்க வேண்டும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் என்ன நடந்தது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. மண் சரிந்து லயங்கள் போயின. குடும்பம் குடும்பமாகப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் படுத்துக் கிடந்தோம். அந்தக் கூட்டத்தில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். எங்கள் வகுப்பறைச் சீமெந்துத் தரையிலும் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். மழை இருட்டினாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். கனடாவில் பனிமழைக்குப் பிறகு கர்ப்பிணிகளைத் தேடிப் போனார்கள். எங்கள் டிவிஷனில் புயலுக்குப் பிறகு வந்த படிவங்களில் கூரைத்தகடு, பாய், பாத்திரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, கர்ப்பிணிக்கு ஒரு கட்டம் இல்லை. அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். அப்போது எங்களுக்கும் அது உறைக்கவில்லை.

உடம்புக்குள் நடப்பதைத் தெரிந்த அளவில் சொல்கிறோம். பயம் வந்தால், சுமை கூடினால், நம் உடம்பில் கோர்டிசோல் என்ற சுரப்பு அதிகமாகும். குளவி கலைந்தால் ஓட வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. அந்த நேரத்துக்கு அது நல்லதுதான். தாயின் இரத்தத்தில் இருக்கும் கோர்டிசோல் முழுதாகப் பிள்ளைக்குப் போய்விடாதபடி நஞ்சுக்கொடி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்கிறது. தாய் நீண்ட நாள் பதற்றத்தில் இருந்தால் அந்தக் காவல் தளர்கிறது என்று நஞ்சுக்கொடியைச் சோதித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். வெளியுலகம் ஆபத்தானது, எப்போதும் உசாராக இரு என்ற செய்தி பிள்ளைக்குப் போகிறது என்று அவர்கள் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். காட்டில் வாழ்ந்த காலத்தில் அந்த உசார் உயிரைக் காத்திருக்கும். தரம் ஒன்று வகுப்பில் அதே உசார் 'அடங்காத பிள்ளை' என்று பெயர் வாங்கிக் கொடுக்கிறது.

நம்முடைய பாட்டிமாருக்கு இது புதிதாக இருக்காது. முழுகாமல் இருப்பவளைச் சாவு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், இருட்டிய பிறகு தனியே வெளியில் விட மாட்டார்கள், கேட்டதைச் செய்து கொடுப்பார்கள். அபிமன்யு வயிற்றில் இருந்தே கதை கேட்டான் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். 1974 பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்கும் கீரையும் அவித்துத் தின்று பிள்ளை பெற்ற பாட்டிகளும் நம் லயங்களில் இருக்கிறார்கள். பயப்படாதே என்று தாய்க்குச் சொல்ல நம் ஊரில் ஆள் உண்டு. அவளைப் பயப்படுத்தாதே என்று கங்காணிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் சொல்லத்தான் ஆள் இல்லாமல் போனது.

இன்னொரு பேச்சும் உண்டு. "அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு", "அது இரத்தத்தில வாறது" என்பார்கள். ஆசிரியர்களும் சொல்கிறோம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம் என்பதால் அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு பெண்ணின் கருமுட்டையைத் தன் வயிற்றில் சுமந்து பெற்ற தாய்மார் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் இரத்த வழிச் சொந்தம் இல்லை, சுமந்த வயிறு மட்டும்தான் சொந்தம். பிரித்தானியாவில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்த்தார்கள். கவனம் நிலைக்காத துறுதுறுப்பில் பரம்பரையின் பங்கு தெரிந்தது. ஆனால் முரட்டுத்தனமான நடத்தைக்கும் தாயின் கர்ப்பகால மன அழுத்தத்துக்கும் இருந்த தொடர்பு, இரத்தச் சொந்தம் இல்லாத தாய்-பிள்ளைகளிடமும் தெரிந்தது. ஆகவே எல்லாவற்றையும் இரத்தத்தின் தலையில் போட்டுவிட்டு நாம் கை கழுவ முடியாது.

இந்த விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. பிள்ளை கெட்டால் தாய்தான் காரணம் என்று சொல்ல ஏற்கனவே ஆயிரம் வாய் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு ஒரு மாமியார், "நீ அழுதுகிட்டே இருந்த, அதான் பிள்ளை இப்படி" என்று சொன்னால் நாங்கள் எழுதியதே பாவம். தாய் அழுததைக் கேட்பவர்கள், அழ வைத்தது எது என்றும் கேட்க வேண்டும். கேட்டால் பதில் நம் வீட்டுக்குள்ளும் இருக்கும். தவறணையில் இருந்து இரவு பத்து மணிக்கு வரும் காலடிச் சத்தத்துக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கும் பெண்களை எங்களுக்குத் தெரியும். ஆண் தோழர்கள் கோபிக்கலாம். துரை அதட்டினால் சங்கத்துக்கு வருகிறோம். வீட்டில் அதட்டல் நடந்தால் அது குடும்ப விஷயம் என்று தலைவர்மார் திருப்பி அனுப்புகிறோம். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அதட்டியது யார் என்று தெரியாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம்மைப் பாதுகாப்பது 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். அதன்படி 12 வார லீவு. முன்பு மூன்றாவது பிள்ளையில் இருந்து ஆறு வாரம்தான் கிடைத்தது, 2018 திருத்தத்தோடு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு. அது நல்ல மாற்றம். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். அரசாங்க ஆசிரியைக்கு 84 நாள், கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு 12 வாரம். பன்னிரண்டை ஏழால் பெருக்கினால் 84தானே என்று தோன்றும். ஆசிரியைக்கு அது 84 வேலை நாள், சனி, ஞாயிறு, போயா எதுவும் கணக்கில் வராது, எப்படியும் நாலு மாதம் ஆகிவிடும். தோட்டத்துப் பெண்ணுக்கு ஞாயிறும் சேர்த்துத்தான் 84. எங்கள் பாடசாலையில் ஓர் ஆசிரியையும் அதே டிவிஷனில் ஒரு தொழிலாளிப் பெண்ணும் ஒரே வாரத்தில் பிள்ளை பெற்றார்கள். ஆசிரியை வகுப்புக்குத் திரும்பியபோது மற்றவர் மலைக்குப் போகத் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பிரசவத்துக்கு முன் மூன்று மாதமும் பின் மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு தரும் வேலையைக் கொடுக்கக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. செங்குத்து மலையில் 18 கிலோ, 20 கிலோ கேட்பது கேடான வேலையா இல்லையா? இதை எந்தக் கூட்டத்திலும் நாம் மேசைமேல் போட்டு விவாதித்ததாக எங்களுக்கு ஞாபகம் இல்லை. தீபாவளி முற்பணத்துக்குச் செலவழித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவழித்திருக்கலாம்.

பெரிய முள் அந்த 150 நாள்தான். அறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய ஓராண்டில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். மூன்று மாதம் வாந்தி எடுத்தவள், பிரஷர் ஏறி வாட்டில் படுத்தவள், கிளினிக் போன நாளுக்குப் பேர் கிடைக்காதவள், இவர்களைத்தான் அது வெட்டிவிடுகிறது. யாருக்கு அந்தக் காசு கூடுதலாகத் தேவையோ அவளுக்குத்தான் அது கிடைப்பதில்லை. எட்டாம் மாதம் வரை மலை ஏற வைப்பது கங்காணியின் அதட்டல் மட்டும் இல்லை, இந்த எண்ணும்தான். இப்போது மலையைப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்து, கொழுந்துக்கு மட்டும் காசு என்ற முறையைக் கம்பனிகள் கொண்டுவருகின்றன. அதில் பெண்ணின் பெயர் செக்ரோலிலேயே இருக்காது. பெயர் இல்லாவிட்டால் 150ம் இல்லை, 12 வாரமும் இல்லை. காணி கிடைக்கிறது என்ற சந்தோசத்தில் கையெழுத்து வைக்கப் போகிறவர்கள் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிட்டு வையுங்கள்.

செய்யக்கூடியது இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2011 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பெருவெள்ளம் வந்தது. கனடாவில் செய்தது போலவே அங்கும் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சிலருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் இருந்து பிள்ளை பிறந்த பிறகும் அதே ஒரு மருத்துவமாது, தெரிந்த முகம். மற்றவர்களுக்கு வழக்கமான முறை, போகும்போது யார் இருக்கிறார்களோ அவர். வெள்ளத்தால் வந்த பாதிப்பு, ஒரே மருத்துவமாதுவோடு இருந்த தாய்மாரிடம் குறைந்து தெரிந்தது, ஆறு மாதத்தில் அவர்களின் பிள்ளைகளிடமும் தெரிந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை. ஒரு தெரிந்த முகம், பேசினால் கேட்கும் காது.

நமக்கு அந்தக் காது தமிழ் தெரிந்த காதாகவும் இருக்க வேண்டும். தோட்டங்களில் தமிழ் பேசும் மருத்துவமாதுகளுக்குத் தட்டுப்பாடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். இருக்கும் ஒருவரும் எத்தனை டிவிஷன் ஏறி இறங்குவார்? இரத்த அழுத்தத்தையும் எடையையும் மொழி தெரியாமலும் பார்த்துவிடலாம். "ராத்திரி தூக்கம் வருதா, வீட்டில பயமா இருக்கா" என்பதைக் கேட்க மொழி வேண்டும். ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சிக்கான விண்ணப்பம் வரும்போது சொல்லுங்கள். பாடத் தகைமை சரியா என்று பார்த்து, படிவம் நிரப்பிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது மாதர் அணி நான்கு விஷயத்தை எழுதிக் கொடுக்க முடிவு செய்திருக்கிறது. கிளினிக் அட்டை கிடைத்த நாளில் இருந்து, கிலோ பார்க்காமல் முழுப்பேரோடு லேசான வேலை. கிளினிக் போகும் நாளுக்குப் பேர். டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்த நாட்களை 150க்குள் சேர்ப்பது. ஞாயிறு கழித்து 84 நாள். கடைசி இரண்டுக்கும் சட்டம் திருத்த வேண்டியிருக்கும், காலம் எடுக்கும். முதல் இரண்டையும் ஒரு தோட்டத்தில் துரை நினைத்தால் நாளைக்கே செய்யலாம்.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். மணி அடிக்கும் வேலையை அதிபர் அவனிடம் கொடுத்துவிட்டார். எப்போது அடிக்கும் என்று முன்கூட்டியே தெரிவதால் இப்போது மேசைக்குக் கீழே போவதில்லை. அடி இன்னும் விழுகிறது, முன்பைவிடக் குறைவு. பட்டப்பெயரை நிறுத்திவிட்டோம். பிறந்த பிறகு கிடைக்கும் அன்பும் கவனிப்பும் வயிற்றில் பட்டதில் நிறையவற்றை ஆற்றும் என்பதும் இதே ஆராய்ச்சிகளில் இருந்து தெரிகிறது. அந்தத் தாயிடமும் அதைச் சொன்னோம். அவர் இப்போது மறுபடியும் நாலு மாதம்.

இந்த முறை அவருடைய சம்பளத் துண்டுகளை நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். போன மாதக் கடைசி வரை 97 பேர். உங்கள் லயத்தில் மாசமாக இருப்பவர்கள் யாராக இருந்தாலும், எந்தச் சங்கமாக இருந்தாலும், ஐந்தாம் மாதத்துக்கு முன்பே சம்பளத் துண்டுகளையும் கிளினிக் அட்டையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிறு காலையில் கிளைக் காரியாலயம் திறந்திருக்கும். சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.